அஞ்சு தடவை கணக்கெடுத்த கடைமடை ஊர்: பாலக்குறிச்சி

நாகப்பட்டினம் மாவட்டம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வேளாங்கண்ணி, நாகூர், வேதாரண்யம் உப்பளம், கொஞ்சம் யோசிச்சா கோடியக்கரை. பாலக்குறிச்சின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கீழ்வேளூர் பக்கம், வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஒரு சின்ன ஊர் அது. பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பலகையைக்கூட கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம்.

ஆனால் இந்தியாவில் விவசாயப் பொருளாதாரம் படிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்க. பலருக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். நூறு வருஷத்துக்கு மேலாக, தலைமுறைக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருத்தர் நோட்டும் பேனாவுமாக அந்த ஊருக்குப் போய், வீடு வீடாக, வயல் வயலாகக் கணக்கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதுவரை அஞ்சு தடவை. டெல்டாவில் இப்படி ஒரு நீண்ட பதிவு உள்ள கிராமங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் கதையில் நமக்கு நெருக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. இதை ஆரம்பிச்சு வெச்சது அரசாங்கமோ பெரிய நிறுவனமோ இல்லை. லீவுக்கு ஊருக்குப் போன காலேஜ் பசங்க.

ஒரு லீவு அசைன்மென்ட்

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அந்தத் துறைக்கு அவர்தான் முதல் பேராசிரியர். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் தொழிலாளர்கள் படிப்பதற்காகத் தொடங்கப்பட்ட ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். இங்கிலாந்து விவசாயிகள் தங்கள் பொது நிலங்களை எப்படி இழந்தார்கள் என்று ஒரு புத்தகமும் எழுதியிருந்தார்.

சென்னைக்கு வந்ததும் அவருக்கு ஒரு சிக்கல். பாடப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் லண்டன், மான்செஸ்டர் பொருளாதாரம். எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களோ தஞ்சாவூர், திருநெல்வேலி, ஆற்காட்டுக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். அவர் ஒரு கேள்வித் தாள் தயார் பண்ணினார். ஊரில் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று நீளும் கேள்விகள். இன்றைய பாஷையில் சொன்னால், லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கொடுத்த ஒரு மினி புராஜெக்ட்.

அப்படி வந்த கட்டுரைகள் தொகுக்கப்பட்டு 1918-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் புத்தகமாக வெளிவந்தன. அதில் திருநெல்வேலியின் கங்கைகொண்டான், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம், வட ஆற்காட்டின் தூசி, தென் ஆற்காட்டின் இருவேல்பட்டு எல்லாம் இருந்தன. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து இடம்பிடித்தது பாலக்குறிச்சி. (நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது 1991-ல்தான். அதுவரைக்கும் இதெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா.)

ஒரே ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் போட முடியாதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஸ்லேட்டருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் தெரிஞ்சிருந்தது. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இதே ஊர்களை மறுபடியும் ஆய்வு செய்தார்கள். 1983-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக எஸ். குகன் பாலக்குறிச்சியை மறு ஆய்வு செய்து அறிக்கை எழுதினார். தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர் அவர். அப்புறம் 2004-லயும் 2019-லயும் இன்னும் ரெண்டு ஆய்வுகள். கடைசி ஆய்வை நடத்தியது ஃபவுண்டேஷன் ஃபார் அக்ரேரியன் ஸ்டடீஸ் என்ற அமைப்பு. அதில் அதே வட்டாரத்து வெண்மணியும் சேர்ந்தது.

இந்த அஞ்சு வருகையையும் அஞ்சு ரீடிங்காக எடுத்துக்கலாம். ஒவ்வொரு தடவையும் அந்த ஊருக்குள் நுழைந்தவர் எந்த மாதிரி உலகத்துக்குள் நுழைந்தார் என்று பார்த்தால், கீழத் தஞ்சையோட நூறு வருஷக் கதை கிடைச்சிடும். அதுக்கு முன்னாடி ஊர் எங்கே இருக்கு, தண்ணி எப்படி வருதுன்னு பார்த்துடலாம்.

கடைமடைன்னா என்ன?

வரைபடத்தில் காவிரியைப் பார்த்தால், கல்லணைக்குக் கிழக்கே அது விரித்த கை மாதிரி பிரியும். விரல் நுனிகள் கடலைத் தொடுற இடம்தான் கடைமடை. பாலக்குறிச்சி அந்தப் பகுதியில் இருக்கு.

கிழக்கு டெல்டாவுக்குப் போற தண்ணியோட பாதையைப் பாருங்க. மேட்டூரில் திறக்கணும். அங்கிருந்து முக்கொம்பு வழியாகக் கல்லணைக்கு வந்து சேரவே நாலு நாள் மாதிரி ஆகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பங்கு பிரியும். வெண்ணாற்றில் விட்ட தண்ணி தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறுக்குப் பிரியும். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறுக்குப் போகும். மிச்சம் கீழே வந்து பாண்டவையாறு, வெள்ளையாறு என்று இன்னும் கிளைகளாகப் பிரியும். அப்புறம் ஏ வாய்க்கால், பி வாய்க்கால், சி, டி வரைக்கும். கடைசியில் ஒரு மதகு. அதுக்கு அந்தப் பக்கம்தான் ஒருத்தரோட வயல்.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு இழப்பு உண்டு. மண் உறிஞ்சும், வெயில் குடிக்கும், வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைச்சுக்கிட்டு நிற்கும். மேல்மடைக்காரர் ஒரு நாள் கூடுதலாக ஷட்டரைத் திறந்து வெச்சார்னா, அந்த ஒரு நாள் கீழே குறையும். அதனால் கல்லணையில் பூ தூவித் தண்ணி திறந்த படம் பேப்பரில் வந்து ரெண்டு வாரம் ஆகியும், கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடப்பது சாதாரணம்.

'போர் போட்டுக்கலாமே'ன்னு தோணும். கும்பகோணம், பாபநாசம் பக்கம் அதுதான் நடக்குது. பம்ப்செட் வெச்சு ஜூனிலேயே குறுவை நடவு பண்ணிடுவாங்க. ஆனால் கடலோரத்துக்குக் கிட்டே நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. போர் தண்ணியில் பயிர் வராது. ஆற்றுத் தண்ணி இல்லைன்னா வேற வழியே இல்லாத ஊர்கள் இவை.

இன்னொரு பக்கம், ஐப்பசி கார்த்திகையில் இதே ஊர்கள் மூழ்கும். நிலம் கடலை நோக்கி ரொம்ப மெதுவாகத்தான் சரிகிறது. மேலே பெய்த மழை எல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகணும். பாசனத்துக்குத் தண்ணி கொண்டு வந்த அதே ஆறுதான் வடிகாலாகவும் வேலை செய்யுது. கடலில் அலை ஏறி இருந்தால் தண்ணி வடியாது, உப்புத்தண்ணி எதிர்த்து உள்ளே வரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆற்றின் கடைசியில் 'கடைமடை இயக்கு அணை' கட்டியிருக்கிறார்கள். சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் யோசிச்சுப் பாருங்க. ஒரே கால்வாய் ஒரு சீசனில் தண்ணி கொடுக்கணும், அடுத்த சீசனில் தண்ணி எடுக்கணும், நடுவில் கடலையும் தடுக்கணும். சரிவோ இல்லவே இல்லைன்னு சொல்ற அளவுக்குத்தான்.

முதல் ரீடிங், 1918: மேட்டூர் இல்லாத காலம்

ஸ்லேட்டரின் மாணவர் கணக்கெடுத்தபோது மேட்டூர் அணை கிடையாது. காவிரியில் வெள்ளம் வந்தால் தண்ணி, வராவிட்டால் வானம்தான். கல்லணையும், 1830-களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய அணைகளும் தண்ணியைப் பிரிச்சுக் கொடுத்தன. ஆனால் சேர்த்து வைக்க இடமில்லை.

நிலத்தை அன்று ஏக்கரில் பேசவில்லை, வேலியில் பேசினார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கணக்குப் போட்டால் ஒரு வேலி என்பது கிட்டத்தட்ட 6.67 ஏக்கர். இன்னிக்கும் தஞ்சாவூர் பக்கம் 'எத்தனை மா வெச்சிருக்கீங்க'ன்னுதான் கேட்பாங்க. கீழத் தஞ்சையில் நிலம் மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் கையில் இருந்தது. உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். பண்ணையாள் என்ற முறையில் ஒரு குடும்பமே ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டிருந்தது. கூலி நெல்லாக, மரக்கால் கணக்கில். குடிசை போட்ட மனையும் பண்ணையாருடையது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் பிள்ளைகள் தலையில் ஏறும்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. நாகப்பட்டினம் துறைமுகம். அங்கிருந்து மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பல் போச்சு. தஞ்சாவூர்க் கிராமங்களில் இருந்து போனவர்கள் ஏராளம். மலேசியாவில் இருக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பூர்வீகம் இந்த வாய்க்கால் கரைகள்தான்.

ரெண்டாவது, 1936-37: அணை வந்தது, விலை விழுந்தது

மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. 120 அடி, 93.47 டிஎம்சி. டெல்டாவுக்கு முதல் தடவையாக ஒரு சேமிப்புக் கணக்கு கிடைத்தது. ஜூன் 12-ல் தண்ணி என்ற பழக்கமும், அதை நம்பி நாத்து விடுகிற தைரியமும் இந்த அணையால் வந்தவை.

ஆனால் அதே சமயத்தில் உலகப் பொருளாதார மந்தம். 1929-க்குப் பிறகு நெல் விலை பலமாகச் சரிந்தது. பர்மா அரிசி மலிவாக வந்து இறங்கியது. வரியும் கடனும் குறையவில்லை. அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தால் கீழ்வேளூர் பக்கத்துக் கடன்காரர் நிலத்தை விற்க வேண்டியிருந்தது. 'குளோபலைசேஷன்' ஏதோ 1991-ல் வந்ததுன்னு நினைக்கிறோம். கடைமடைக்கு அது எப்பவோ வந்தாச்சு.

மூணாவது, 1983: இடையில் நடந்தவை

ரெண்டாவது ஆய்வுக்கும் மூணாவது ஆய்வுக்கும் இடையில் கிட்டத்தட்ட 46 வருஷம். கீழத் தஞ்சை அடியோடு மாறியது இந்த இடைவெளியில்தான்.

1943-ல் சீனிவாச ராவ் என்ற கம்யூனிஸ்ட் ஊழியர் தஞ்சைக்கு வந்தார். தாய்மொழி கன்னடம். பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். வேலைக்கு லேட்டா வந்தா சவுக்கடி, சாணிப்பால் ஊத்துறது என்ற தண்டனைகளுக்கு எதிராகத்தான் அந்தச் சங்கங்கள் முதலில் எழுந்தன. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமில்லாமல் பண்ணையாளை விலக்கக்கூடாது, கூலி இவ்வளவு என்று எழுத்தில் வைத்தது. பல இடங்களில் நிலக்காரர்கள் பண்ணையாளையே நிறுத்திவிட்டு தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். அடிமைக் கட்டு அவிழ்ந்தது, நிரந்தர வேலையும் கூடவே போனது.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் கூலிக் குடும்பங்கள். இதைப் பற்றி எழுத நிறைய இருக்கு, அது தனிக் கட்டுரை. இங்கே சொல்ல வேண்டியது, அதற்குப் பிறகு வந்த மூன்று சட்டங்கள்.

1969: விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். கீழத் தஞ்சைக்காகவே கொண்டுவரப்பட்டது.

1970: நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரில் இருந்து 15 ஆகக் குறைந்தது. வேலிக் கணக்கில் தோராயமாக ரெண்டேகால்.

1971: குடியிருப்பு மனைச் சட்டம். குடிசை போட்டிருந்த மனை குடியிருந்தவர் பேருக்கே வந்தது.

இந்த மூணில் எது பெரிசுன்னு கேட்டால், நிலச் சட்டத்தைத்தான் எல்லாரும் சொல்வாங்க. ஆனால் மூணாவதைக் கொஞ்சம் யோசிங்க. மனை பண்ணையாருடையது என்றால், கூலி கூடக் கேட்ட அன்னிக்கே 'குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ'ன்னு சொல்லிடலாம். மனை உங்க பேரில் இருந்தால், 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்'னு சொல்ல முடியும். ஒரு சில சென்ட் மண்ணோட பத்திரம் ஒரு மனுஷனுக்கு 'முடியாது'ன்னு சொல்ற உரிமையைக் கொடுத்தது.

இதே காலத்தில் வயலும் மாறியது. 1960-61-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 ரகம் குறுவைக்கு வந்தது. சம்பாவுக்குப் பின்னாளில் வந்த சி.ஆர். 1009 இன்னிக்கும் கடைமடையில் பேர் போனது. 'ஆயிரத்து ஒம்பது'ன்னு சொன்னாலே எல்லாருக்கும் புரியும். அதோட வம்சாவளி சுவாரசியமானது. கட்டாக்கில் பங்கஜ், ஜகந்நாத் என்ற ரெண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அந்தப் பங்கஜின் தாய் ரகம் 'பேட்டா', இந்தோனேசிய நெல். அந்தப் பேட்டாவுக்கும் ஒரு பெற்றோர் வங்காளத்து லாட்டிசைல். வங்காளத்தில் இருந்து ஜாவா பக்கம் போய், சுத்தி வந்து நம்ம கடைமடையில் முளைச்சிருக்கு. ஊர் சின்னதா இருக்கலாம், அதோட விதை உலகம் சுத்தினது.

நாலாவது, 2004: தண்ணி வராத வருஷங்கள்

2002, 2003 ரெண்டு வருஷமும் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. காவிரிப் பங்கீட்டுச் சண்டை உச்சத்தில் இருந்தது. குறுவை போச்சு, சம்பாவும் தள்ளாட்டம். முப்போகம் விளையும் பூமின்னு பாடப் புத்தகத்தில் படிச்ச டெல்டாவில், கடைமடைக்காரர்கள் ஒருபோகச் சம்பாவை எப்படியாவது கரையேற்றப் பார்த்தார்கள்.

அதற்கு அவர்கள் கையாண்ட வழி நேரடி விதைப்பு. நாத்தங்கால் விட்டு, சேறடிச்சு, நடவு போட நிறைய தண்ணி வேணும். அதுக்குப் பதிலாக ஆடி, ஆவணியில் கோடை உழவு போட்ட புழுதியில் விதையைத் தெளிச்சுடுவாங்க. ஒரு மழை பெய்தால் முளைக்கும். அப்புறம் ஆற்றுத் தண்ணி வரும்போது வரட்டும். செலவு குறைவு, ரிஸ்க் குறைவு. ஆனால் களை அதிகம். இன்னொண்ணு, நடவு இல்லைன்னா நடவுக்குப் போகும் பெண்களுக்கு வேலையும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 26-ல், சுனாமி நாகப்பட்டினம் கடற்கரையையே வாரிக்கொண்டு போனது.

அஞ்சாவது, 2019: மிஷின் வந்த பிறகு

2012-ல் இருந்து 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் ஜூன் 12 தவறியது. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவிச்சாங்க. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டிய தண்ணியை 177.25 டிஎம்சி என்று முடிவு செய்தது. அதே வருஷம் நவம்பர் 16-ல் கஜா புயல். இவ்வளவையும் தாண்டி வந்த டெல்டாவுக்குள்தான் ஐந்தாவது ஆய்வுக் குழு போனது.

வயலில் பெரிய மாற்றம், அறுப்பு மிஷின். ஈர வயலிலும் இறங்குகிற பெல்ட் மிஷின். முன்னாடி ஒரு ஊரே பல நாள் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடிச்சுத் தூத்தின வேலையை அது சில மணி நேரத்தில் முடிச்சிடுது. நிலக்காரருக்கு லாபம், மழைக்கு முன்னாடி நெல்லைக் காப்பாத்திடலாம். ஆனால் கூலிக்காரக் குடும்பத்துக்கு அறுப்புக் கூலி நெல்தான் வருஷத்துச் சாப்பாடு. அது நின்றுபோனது. நூறு நாள் வேலை 2006-ல் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அது இல்லாமல் இருந்திருந்தால் இந்த மாற்றம் இன்னும் கடுமையாகத் தாக்கியிருக்கும்.

மிஷினோட இன்னொரு விளைவு, வெளியூர்க்காரர்களுக்கு சட்டென்று தெரியாது. டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பாங்க. அறுத்த பிறகு, மண்ணில் இருக்கும் ஈரத்தையும் பனியையும் வெச்சே உளுந்து வந்துடும். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. கையால் அறுக்கும்போது முளைத்த உளுந்துக்குச் சேதம் குறைவு. மிஷின் ஏறினால் அதோட தடத்தில் முளை நசுங்கும். ஒரு வேலையைச் சுலபமாக்கின கருவி, காசில்லாமல் கிடைச்ச இன்னொரு பயிரைக் குறைச்சிருக்கு. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு நல்ல புராஜெக்ட் இதுல இருக்கு.

எழுத்தில் இருப்பவர், இல்லாதவர்

அஞ்சு ரீடிங்கையும் வரிசையா வெச்சுப் பார்த்தா எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியுது. பாலக்குறிச்சியைப் பற்றி நம்மால் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், அது விசேஷமான ஊர் என்பதில்லை. யாரோ எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். அதைச் சுத்தி இருக்கிற நூத்துக்கணக்கான ஊர்களுக்கும் இதே தண்ணிப் பிரச்சினை, இதே கூலிப் போராட்டம், இதே கப்பல் பயணம். எழுத ஆள் இல்லாததால் அந்தக் கதைகள் தாத்தா பாட்டியோடயே போயிடுது.

ஊருக்கு மட்டும் இல்லை, ஆளுக்கும் இதேதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் நெல் போடணும்னா சிட்டா, அடங்கல் வேணும். பயிர்க் காப்பீட்டுக்கும் வேணும். வெள்ள நிவாரணத்துக்கும் வேணும். வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி பண்றவர் பேர் எந்தத் தாளிலும் இருக்காது. விதை அவருடையது, கடன் அவருடையது, மூழ்கினது அவரோட பயிர். நிவாரணம் மட்டும் வேற பேருக்கு வரும். குத்தகைதாரர் பேரைப் பதிவேட்டில் ஏத்தணும்னு 1969-லேயே சட்டம் இருக்கு. ஆனாலும் 'எழுதிக் கொடுத்தா நிலம் கை விட்டுப் போயிடும்'னு நிலக்காரர் பயப்படுவார். 'எழுதிக் கேட்டா அடுத்த வருஷம் நிலமே கிடைக்காது'ன்னு குத்தகைதாரர் பயப்படுவார். ரெண்டு பயத்துக்கும் நடுவில் தாள் வெறுமையாவே இருக்கு.

1971-ல் மனை பேரில் எழுதப்பட்டதும் ஒரு கூலித் தொழிலாளி நிமிர்ந்து நின்றார். இன்னிக்கு அடங்கலில் பேர் இல்லாத குத்தகைதாரர் ஒவ்வொரு புயலுக்கும் குனிஞ்சு நிற்கிறார். நூறு வருஷத்தில் டெல்டாவில் எது வலுவான ஆயுதம்னு கேட்டால், அந்த ஒரு வரிப் பதிவுன்னுதான் சொல்வேன்.

ஆறாவது ரீடிங் யார் எடுப்பது?

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பாலக்குறிச்சியில் இருந்துதான் ஹாஸ்டலுக்கு வந்திருப்பீங்க. 'எங்க ஊர்ல என்னப்பா இருக்கு, ஒண்ணும் இல்லை'ன்னு நாமே சொல்லிக்கிறோம். ஸ்லேட்டரின் மாணவர்களுக்கும் அவங்க ஊர் அப்படித்தான் தோணியிருக்கும்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறீங்கன்னா, ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கோங்க. பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். இந்தப் பத்துக் கேள்வி போதும்.

1. நம்ம ஊர் வயலுக்குத் தண்ணி எந்த ஆறு, எந்தத் தலைப்பு, எந்த வாய்க்கால் வழியாக வருது? இந்த வருஷம் எந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தது?
2. மழைத் தண்ணி எந்த வழியாக வடியுது? அந்த வடிகால் கடைசியா எப்போ தூர்வாரினது?
3. முப்பது வருஷம் முன்னாடி எத்தனை போகம், இப்போ எத்தனை?
4. என்ன ரகம் போடுறாங்க? முன்னாடி போட்டு இப்போ மறைந்துபோன ரகங்கள் பேர் என்ன?
5. நடவா, நேரடி விதைப்பா? எந்த வருஷம் மாறினாங்க?
6. முதல் அறுப்பு மிஷின் ஊருக்குள் எப்போ வந்தது? அதுக்கு முன்னாடி அறுத்தவங்க இப்போ என்ன வேலை பார்க்கிறாங்க?
7. சாகுபடி பண்றவங்களில் சொந்த நிலம் எத்தனை பேர், குத்தகை எத்தனை பேர்? குத்தகை எழுத்திலா, வாய்ப்பேச்சா?
8. ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி?
9. ஊரை விட்டுப் போனவங்க எங்கே போனாங்க? திருப்பூரா, சென்னையா, சிங்கப்பூரா, துபாயா?
10. முப்பது வயசுக்குக் கீழே யாராவது முழு நேரமா விவசாயம் பண்றாங்களா?

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கேள்விகளை ஒரே தெருவில் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. உங்க தெருவில் ஒரு பதிலும், ஊர்க் கோடியில் இருக்கிற தெருவில் இன்னொரு பதிலும் கிடைக்கும். ரெண்டும் சேர்ந்தால்தான் அது ஊர். பெரியவங்ககிட்டே கேட்கும்போது வருஷம் சரியா வராது. 'மேட்டூர் நிரம்பின வருஷம்', 'கஜாவுக்கு அடுத்த வருஷம்', 'பெரியவ கல்யாணத்துக்கு முன்னாடி'ன்னுதான் சொல்வாங்க. அப்படியே எழுதிக்கோங்க, தேதியை அப்புறம் கண்டுபிடிச்சுக்கலாம். யாருடைய கடன், யாருடைய சொத்துங்கிற விவரத்தைப் பேர் போட்டு வெளியே காட்டாதீங்க. நம்பித்தான் சொல்றாங்க.

பத்து வருஷம் கழிச்சு நீங்களோ, உங்க ஊர் ஜூனியர் ஒருத்தரோ அதே நோட்டை எடுத்துக்கிட்டு அதே வீடுகளுக்குப் போகலாம். அன்னிக்கு உங்க ஊருக்கு ரெண்டு ரீடிங் இருக்கும். கோடு போட ரெண்டு புள்ளி போதும்ல?